புகையை எரிக்கும் அடுப்பு: கேட்டலிடிக் விறகு ஸ்டவ்வை வீட்டில் இயக்குவது எப்படி?

அமெரிக்காவின் வடகிழக்கில் வெர்மாண்ட், நியூ ஹாம்ப்ஷயர், மேய்ன் பக்கம் ஊருக்கு வெளியே பழைய வீடு வாங்கினால், பல சமயம் வீட்டோடு ஒரு விறகு ஸ்டவ்வும் சேர்ந்து வந்துவிடும். எங்களுக்கும் அப்படித்தான் வந்தது. வெர்மாண்டில் நாங்கள் வாங்கிய வீட்டின் ஹால் மூலையில் வார்ப்பிரும்பில் கறுப்பாக நின்றது. முன்னால் கண்ணாடிக் கதவு, பக்கத்தில் ஒரு கைப்பிடி, மேலே முள் வைத்த ஒரு தெர்மாமீட்டர். வீட்டை விற்றவர் "இது கேட்டலிடிக்" என்று ஒரு வார்த்தை சொல்லிச் சாவியைக் கொடுத்தார். அந்த ஒரு வார்த்தை புரிய எனக்கு ஒரு முழுக் குளிர்காலம் ஆனது.

ஜனவரியில் வெளியே மைனஸ் 25 செல்சியஸ் இருக்கும்போது பனிப்புயலில் கரண்ட் போனால், வீடு முழுதும் சூடாக்கும் ஃபர்னஸ் நின்றுவிடும். அன்றைக்கு வீட்டைக் காப்பாற்றுவது இந்த ஸ்டவ்தான். இதைச் சரியாக இயக்கக் கற்றுக்கொள்வது கஷ்டமில்லை. ஆனால் சாதாரண விறகடுப்பு மாதிரி நினைத்து இயக்கினால் வீட்டில் சூடு இருக்காது, புகைபோக்கி அடைத்துக்கொள்ளும், உள்ளே புகையை எரிக்கும், சில நூறு டாலர் பெறுமானமுள்ள கேட்டலிஸ்ட் என்ற பாகம் வீணாகும். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

உள்ளே என்ன நடக்கிறது

கட்டையில் சூடு ஏறும்போது அதிலிருந்து வாயுக்களும் தாரும் கிளம்புகின்றன. நாம் பார்க்கிற தீப்பிழம்பு, அந்த வாயு எரிவதுதான். அதில் எரியாமல் தப்பிப்பதுதான் புகை. அதாவது புகை என்பது நாம் காசு கொடுத்து வாங்கிய விறகின் ஒரு பகுதி. அது தானாகப் பற்றிக்கொள்ள ஏறக்குறைய 1,000 முதல் 1,100 டிகிரி ஃபாரன்ஹீட் சூடு வேண்டும். செல்சியஸில் 540 முதல் 600. ராத்திரி முழுக்க எரியட்டும் என்று காற்றைக் குறைத்தால், அடுப்புக்குள் அந்தச் சூடு இருக்காது. புகை அப்படியே மேலே போய், குளிர்ந்த புகைபோக்கிச் சுவரில் கறுப்புத் தாராகப் படியும். அதற்குக் கிரியோசோட் என்று பெயர். புகைபோக்கி தீப்பிடிப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

இந்தச் சிக்கலைத் தீர்க்க வந்ததுதான் கேட்டலிஸ்ட். பள்ளிப் புத்தகத்தில் வினையூக்கி என்று படித்தோமே, அதேதான். தேன்கூடு மாதிரி நூற்றுக்கணக்கான சின்னச் சின்னக் கட்டங்கள் உள்ள ஒரு பீங்கான் கட்டி. சில ஸ்டவ்களில் மெல்லிய எஃகுத் தகட்டில் செய்திருப்பார்கள். அதன் மேல் பல்லேடியம், பிளாட்டினம் போன்ற உலோகங்களின் பூச்சு இருக்கும். இந்தப் பூச்சின் மேல் படும் புகை சுமார் 500 டிகிரி ஃபாரன்ஹீட்டிலேயே, அதாவது 260 செல்சியஸிலேயே, எரிய ஆரம்பித்துவிடும். ஒருமுறை ஆரம்பித்துவிட்டால் புகை எரியும் சூடே கேட்டலிஸ்ட்டைச் சூடாக வைத்திருக்கும்.

கார் புகைக்குழாயில் இருக்கும் கருவியின் உறவுதான் இது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தில் ரோட்னி பேக்லி, இர்வின் லாக்மன், ரொனால்ட் லூயிஸ் ஆகிய மூவரும் கார்களுக்காக அந்தத் தேன்கூட்டுப் பீங்கானை உருவாக்கினார்கள். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது, வெர்மாண்ட் அடங்கிய நியூ இங்கிலாந்து வட்டாரத்து வீடுகள் கூட்டம் கூட்டமாக விறகுக்குத் திரும்பின. பள்ளத்தாக்குகளில் புகை தேங்கத் தொடங்கியது. காருக்குச் செய்த அதே யோசனை அதன் பிறகு ஸ்டவ்வுக்குள் வந்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1988இல் விறகு ஸ்டவ்களுக்கு முதல் முறையாகப் புகை வரம்பு விதித்தது. 2020 மே மாதத்திலிருந்து புதிதாக விற்கும் ஸ்டவ் மணிக்கு 2 கிராம் புகைத்தூசுக்கு மேல் விடக் கூடாது; வீடுகளில் எரிக்கும் பிளந்த விறகை வைத்தே சோதித்தால் 2.5 கிராம். பழைய காலத்து ஸ்டவ் மணிக்கு 15 முதல் 30 கிராம் வரை விடும்.

ஸ்டவ்வுக்குள் புகைக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று நேராகப் புகைபோக்கிக்கு. இன்னொன்று கேட்டலிஸ்ட் வழியாகச் சுற்றிக்கொண்டு. பக்கத்தில் இருக்கிற அந்தக் கைப்பிடி இவற்றுக்கு நடுவே இருக்கும் தகட்டை நகர்த்தும். அதைப் பைபாஸ் என்பார்கள். பைபாஸ் திறந்திருந்தால் புகை நேர்வழியில் போகும். மூடினால் கேட்டலிஸ்ட் வழியாகத்தான் போக வேண்டும். காற்று உள்ளே வருவதற்குத் தனியாக இன்னொரு கைப்பிடி இருக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இந்த ஸ்டவ்வில் நீங்கள் செய்யும் எல்லாமே ஒரே வரிசைதான்: முதலில் சூடு, அப்புறம் புகை. கேட்டலிஸ்ட் சூடாகும் வரை அதன் மேல் புகையை விடாதீர்கள். சூடான பிறகு புகையை அதற்குக் கொடுக்காமல் விடாதீர்கள். கீழே சொல்லும் ஒவ்வொன்றும் இதிலிருந்து வருவதுதான்.

விறகு

முதல் குளிர்காலத்தில் "நன்றாகக் காய்ந்தது" என்று சொன்ன ஒருவரிடம் இரண்டு கார்ட் விறகு வாங்கினேன். ஒரு கார்ட் என்பது 4 அடி அகலம், 4 அடி உயரம், 8 அடி நீளம். 128 கன அடி. கட்டையின் வெளிப்பக்கம் சாம்பல் நிறமாக வெடித்து, பார்க்கக் காய்ந்த மாதிரியேதான் இருந்தது. ஸ்டவ்வில் வைத்தால் கட்டையின் இரண்டு முனைகளிலும் நுரை கட்டியது, சீறியது. கண்ணாடி ஒரே நாளில் காப்பி நிறமானது. தெர்மாமீட்டர் முள் 400 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டவே இல்லை. அந்த டிசம்பரில் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தாள். கல்யாணமாகி இருபது வருஷம் விறகில் சமைத்தவள். கண்ணாடி வழியாக ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "இது இன்னும் காயலையேப்பா, உள்ள தண்ணி கொதிக்குதே" என்றாள்.

மறுநாள் கடையிலிருந்து ஈரம் அளக்கும் கருவி வாங்கி வந்தேன். கையடக்கமானது, இரண்டு ஊசிகள் இருக்கும். கட்டையின் வெளிப்பக்கத்தில் குத்தினால் 18 சதவீதம் காட்டியது. கோடாலியால் பிளந்து, புதிதாகத் திறந்த முகத்தின் நடுவில் குத்தினேன்: 34. அளக்க வேண்டிய இடம் அதுதான். வெளிப்பக்கம் எப்போதும் பொய் சொல்லும். வீட்டுக்குள் கொண்டுவந்து அறைச் சூட்டுக்கு வந்த கட்டையைப் பிளந்து, அந்தப் புது முகத்தில் அளந்து 20க்குக் கீழே காட்டினால்தான் ஸ்டவ்வுக்குள் போகலாம்.

20 கிலோ விறகு போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் எடையில் 20 சதவீதம் தண்ணீர் என்றால் 4 லிட்டர். 35 சதவீதம் என்றால் 7 லிட்டர். அந்த 7 லிட்டரையும் கொதிக்கவைத்து ஆவியாக்கிய பிறகுதான் மிச்சச் சூடு வீட்டுக்கு. சாதாரண அடுப்பில் இது வெறும் நஷ்டம். கேட்டலிடிக் ஸ்டவ்வில் ஆபத்தும்கூட. சூடான பீங்கான் மேல் நீராவி திடீரென்று அடித்தால் பீங்கான் விரிசல் விடும், பூச்சு உரியும்.

காயவைப்பதற்குத் தேவை காற்று, வெயில், காலம். முழு உருளையாக விட்டால் பட்டைக்குள் ஈரம் அடைபட்டுக் கிடக்கும், பிளந்தால்தான் காயும். தரையில் படாமல் பலகை மேல் அடுக்குங்கள். மேலே மட்டும் தகரமோ தார்ப்பாயோ போட்டால் போதும். நாலு பக்கமும் மூடினால் உள்ளே பூஞ்சைதான் வளரும். மேப்பிள், பர்ச், பீச் எல்லாம் நன்றாகப் பிளந்து அடுக்கினால் ஒரு கோடையும் இலையுதிர்காலமும் தாண்டிக் காயும். ஒன்றரை வருஷம் கொடுத்தால் இன்னும் நல்லது. ஓக் மட்டும் இரண்டு வருஷம் கேட்கும், குறைந்தால் விடாது. ஆஷ் மரம் வெட்டும்போதே ஈரம் குறைவு, சீக்கிரம் காயும். ஆஷ் மரங்களைக் கொல்லும் எமரால்டு ஆஷ் போரர் என்ற பச்சை வண்டு 2018இல் வெர்மாண்டில் கண்டுபிடிக்கப்பட்டது. அதனால் எங்கள் பக்கம் இப்போது நிறைய ஆஷ் மரங்கள் விழுகின்றன. ஒன்று சொல்லியே ஆக வேண்டும்: அந்த வண்டு விறகு ஏறித்தான் ஊர் ஊராகப் பரவுகிறது. மலிவாகக் கிடைக்கிறதென்று தூரத்திலிருந்து விறகு ஏற்றி வராதீர்கள்.

ஈர விறகுதான் கையில் இருக்கிறது, குளிரும் வந்துவிட்டது என்றால், மரத்தூளை அழுத்திச் செய்த செங்கல் வடிவக் கட்டிகள் கடைகளில் கிடைக்கும். மெழுகும் வேறு ஒட்டுப்பொருளும் இல்லாததாகப் பார்த்து வாங்கி அந்த வருஷத்தை ஓட்டுங்கள். அவை மிகவும் காய்ந்தவை, வேகமாக எரியும். அதனால் ஒரே நேரத்தில் ஸ்டவ்வை நிரப்பாமல் கொஞ்சமாக வையுங்கள்.

பற்றவைக்கும் முன் பார்க்க வேண்டியவை

வருஷத்துக்கு ஒருமுறையாவது புகைபோக்கியைத் தொழில் தெரிந்தவரை வைத்துப் பார்த்து, சுத்தம் செய்யச் சொல்லுங்கள். வீடு வாங்கிய முதல் வருஷம் தீ வைக்கும் முன்பே இதைச் செய்யுங்கள். புகைபோக்கியின் முனை, கூரையை விட்டு வெளிவரும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி உயரமும், 10 அடி தூரத்துக்குள் இருக்கும் எதையும்விட 2 அடி உயரமும் இருக்க வேண்டும். ஸ்டவ்வைச் சுற்றி எவ்வளவு இடம் விட வேண்டும் என்பது அதன் பின்புறத் தகட்டில் பொறித்திருக்கும். அதில் இல்லையென்றால் எரியக்கூடிய எதற்கும் 36 அங்குலம். சோபா, திரை, காயப்போட்ட துணி எல்லாமே இந்தக் கணக்கில்தான்.

கார்பன் மோனாக்சைடு அலாரம் ஸ்டவ் இருக்கும் தளத்தில் ஒன்று, படுக்கையறைப் பக்கம் ஒன்று. அது இல்லாமல் ஒரு தீக்குச்சிகூடக் கிழிக்காதீர்கள். நிறமோ வாசனையோ இல்லாத வாயு அது, தூக்கத்தில் தெரியாது. சின்னக் குழந்தைகள் இருந்தால் ஸ்டவ்வைச் சுற்றிக் கம்பித் தடுப்பும் கட்டாயம்.

கதவு ஓரத்தில் கயிறு மாதிரி ஓடும் கேஸ்கெட்டையும் பாருங்கள். ஒரு டாலர் நோட்டைக் கதவில் வைத்து மூடிவிட்டு இழுங்கள். எந்த இடத்திலாவது லேசாக உருவிக்கொண்டு வந்தால் அங்கே காற்று கசிகிறது, கேஸ்கெட் மாற்ற வேண்டும். கசியும் கதவோடு நெருப்பை நம் கட்டுப்பாட்டில் வைக்க முடியாது.

ஸ்டவ் புதிது என்றால் முதல் இரண்டு மூன்று தீயைச் சின்னதாக வையுங்கள். பெயின்ட் வாடை வரும், ஜன்னலைத் திறந்துவிடுங்கள்.

பற்றவைப்பது

பைபாஸைத் திறங்கள். காற்றுக் கைப்பிடியையும் முழுதாகத் திறங்கள்.

புகைபோக்கி சில்லிட்டுக் கிடந்தால் குளிர்காற்று கீழ்நோக்கி இறங்கும், புகை வீட்டுக்குள் வரும். கையை உள்ளே நீட்டிப் பாருங்கள். கையில் குளிர் வீசினால் ஒரு செய்தித்தாளை முறுக்கிப் பற்றவைத்து பைபாஸ் வாய்க்குக் கீழே பிடியுங்கள். ஒரு நிமிஷத்தில் மேல்நோக்கி இழுக்க ஆரம்பிக்கும். சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடினால் நிறுத்துங்கள், அதுவும் புகையை வீட்டுக்குள் இழுக்கும்.

நம் ஊரில் அடியில் சுள்ளி, மேலே கட்டை என்று அடுக்கிப் பழக்கம். இங்கே அதைத் தலைகீழாகச் செய்யுங்கள். அடியில் இரண்டு பெரிய கட்டை, அதன் மேல் குறுக்கே கைத்தடி பருமனில் நாலு, அதன் மேல் விரல் பருமனில் சுள்ளி ஒரு கைப்பிடி, உச்சியில் செய்தித்தாள் முடிச்சு. உச்சியில் பற்றவையுங்கள். நெருப்பு மேலிருந்து கீழே இறங்கும். புகைபோக்கி முதலிலேயே சூடாகிவிடும். கீழே இருந்து கிளம்பும் புகை மேலே இருக்கும் தீயைத் தாண்டித்தான் போக வேண்டும், அதனால் பெரும்பகுதி அங்கேயே எரிந்துவிடும். கதவை விரல் இடைவெளிக்கு ஐந்து நிமிஷம் திறந்து வைத்தால் நன்றாகப் பிடிக்கும். ஆனால் அந்த ஐந்து நிமிஷமும் அங்கேயே உட்கார்ந்திருங்கள். பிறகு கதவை மூடித் தாழிடுங்கள்.

பைபாஸை மூடும் நேரம்

முழு வேலையும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. அவசரப்படுகிறவர்கள் கெடுப்பதும் இங்கேதான்.

தெர்மாமீட்டர் முள் ஏறிக்கொண்டிருக்கும். 500 டிகிரிதான் எல்லை. சில ஸ்டவ்களில் எண் இருக்காது. கோடு போட்டு இந்தப் பக்கம் செயல்படாது, அந்தப் பக்கம் செயல்படும் என்று மட்டும் குறித்திருப்பார்கள். முள் 500ஐத் தொட்டதுமே மூடிவிடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். தெர்மாமீட்டர் காட்டுவது ஓர் இடத்தின் சூடு மட்டும்தான். கட்டைகள் இன்னும் ஈரத்தைக் கக்கிக்கொண்டிருக்கலாம், அடுப்பின் செங்கல் சுவர் இன்னும் குளிராக இருக்கலாம். குளிர்ந்த ஸ்டவ் என்றால் முதல் தீயில் இருந்து அரை மணி நேரமாவது ஆகட்டும். கட்டைகளின் எல்லாப் பக்கமும் கறுத்து, அடியில் தணல் ஒரு படுகை மாதிரி சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நான் முள் 600ஐ ஒட்டி வரும் வரை காத்திருக்கிறேன்.

அப்புறம் பைபாஸை மூடுங்கள். தகடு பொருந்தும்போது கையில் ஒரு 'டொக்' தெரியும். பாதியில் நிறுத்தாமல் அது தெரியும் வரை தள்ளுங்கள். உடனே சத்தம் மாறும். அதுவரை புகைபோக்கியில் கேட்ட ஊ என்ற இழுப்பு அடங்கிவிடும். தீப்பிழம்புகள் ஒரு கணம் சோம்பலாகி வேறு பக்கம் சாயும். இப்போது முள்ளைப் பாருங்கள். எங்கள் ஸ்டவ்வில் முதல் ஒரு நிமிஷம் அசையாது. பிறகு 650, 700, பத்து நிமிஷத்தில் 900. இந்த ஏற்றம்தான் கேட்டலிஸ்ட் பிடித்துவிட்டது என்பதற்கு அடையாளம். முள் ஏறாமல் இறங்கினால் அது இன்னும் பிடிக்கவில்லை. யோசிக்காமல் பைபாஸைத் திறந்து, இன்னும் பத்து நிமிஷம் நன்றாக எரியவிட்டு மறுபடி மூடுங்கள்.

கேட்டலிஸ்ட் செம்மஞ்சளாகக் கனன்று ஒளிரும். பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். ஆனால் அந்த ஒளியை அளவுகோலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மெதுவாக எரியும்போது ஒளிராமலேயே வேலை செய்யும்.

உறுதியாகத் தெரிய வேண்டுமா? கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போய்ப் புகைபோக்கியைப் பாருங்கள். நீலமும் சாம்பலும் கலந்து, காற்றில் நீளமாக இழுபட்டுப் போய், மூக்கில் எரிச்சல் தந்தால் அது புகை. முனைக்குக் கொஞ்சம் மேலே வெள்ளையாகத் தோன்றி உடனே கரைந்துபோனால் அது வெறும் நீராவி. முதல் முறை எல்லாம் சரியாக அமைந்த இரவில், முழங்கால் பனியில் நின்று அண்ணாந்து பார்த்தேன். புகை இல்லை. புகைபோக்கிக்கு நேர் மேலே இருந்த நட்சத்திரங்கள் மட்டும் சூட்டில் நெளிந்தன.

காற்றைக் குறைப்பது

மூடியவுடன் காற்றை ஒரேயடியாகக் குறைக்காதீர்கள். அதே சமயம் முழுதாகத் திறந்தும் வைக்காதீர்கள். முழுக் காற்றில் தீப்பிழம்பு நேராகத் தேன்கூட்டுக்குள் பாயும்; அது பூச்சைக் கெடுத்துவிடும். கேட்டலிஸ்ட் முன்னால் ஒரு தகடு தடுப்பாக இருக்கும். சுத்தம் செய்ய எடுத்தால் மறக்காமல் திரும்ப மாட்டுங்கள்.

நான் மூன்று படியாகக் குறைக்கிறேன். மூடியதும் முக்கால், பத்து நிமிஷம் கழித்துப் பாதி, இன்னும் கால் மணி கழித்து வேண்டிய அளவு. காற்று குறையக் குறையத் தீப்பிழம்பு அணைந்து, தணலும் கறுத்த கட்டையும் மட்டும் தெரியும். சாதாரண ஸ்டவ்வில் இது ஆபத்தான நிலை. எல்லாம் புகையாகப் போகும். இங்கே அந்தப் புகைதான் கேட்டலிஸ்ட்டின் சாப்பாடு. கண்ணாடிக்குப் பின்னால் இருட்டாக இருக்கும், வீடு சூடாக இருக்கும். புதிதாக வாங்கியவர்கள் தீ அணைந்துவிட்டதென்று பயந்து கதவைத் திறப்பார்கள். திறக்க வேண்டாம். முள்ளைப் பாருங்கள்.

இன்னொரு விஷயம். காற்றைக் குறைத்தால் சூடு இறங்கும் என்பது நெருப்புக்குச் சரி, கேட்டலிஸ்ட்டுக்கு எப்போதும் சரியில்லை. காற்று குறைந்ததும் எரியாத புகை அதிகமாகும், அதைத் தின்று கேட்டலிஸ்ட் இன்னும் சூடேறும். விறகு போட்ட முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில்தான் முள் உச்சிக்குப் போகும். 1,000 முதல் 1,400 வரை கவலையில்லை. 1,700ஐ ஒட்டித் தொடர்ந்து நின்றால் பூச்சு கெட்டுப்போகும். அப்போது உங்கள் ஸ்டவ்வின் கையேடு சொல்வதைச் செய்யுங்கள். பெரும்பாலும் மிகக் காய்ந்த சின்னக் கட்டைகளை அடைத்துப் போட்டிருப்பீர்கள். இல்லையென்றால் கதவு கசிகிறது.

காற்றை மிகவும் குறைத்துவிட்டால், உள்ளே தேங்கிய வாயு திடீரென்று பற்றி 'பொஃப்' என்று ஒரு சத்தத்தோடு இணைப்புகள் வழியே புகையைத் துப்பும். கைப்பிடியைக் கொஞ்சம் திறந்தால் அடங்கும்.

சில ஸ்டவ்களில் உலோகச் சுருள் வைத்த தெர்மோஸ்டாட் இந்தக் காற்று வேலையைத் தானாகச் செய்யும். பிளேஸ் கிங் நிறுவனத்தின் பெரிய மாடல் ஒருமுறை நிரப்பினால் 40 மணி நேரம் வரை எரியும் என்று சொல்லி விற்பது இந்த அமைப்பை வைத்துத்தான். எங்களுடையது அவ்வளவு பெரிதில்லை. இரவு பத்துக்கு நிரப்பினால் காலை ஆறுக்குத் தணல் இருக்கும். எங்களுக்கு அது தாராளம்.

மறுபடி விறகு போடுவது

கதவைத் திறக்கும் முன் பைபாஸைத் திறக்க வேண்டும். இந்த வரிசையை மட்டும் எந்த அவசரத்திலும் மாற்றாதீர்கள். மாற்றினால் புகை முகத்தில் அடிக்கும், அறையின் குளிர்காற்று சூடான பீங்கான் மேல் பாயும். பைபாஸைத் திறந்து, காற்றையும் திறந்து, ஒரு நிமிஷம் நில்லுங்கள். கதவை முதலில் ஓர் அங்குலம் மட்டும் திறந்து சில நொடி விட்டு, பிறகு மெதுவாக முழுதும் திறங்கள்.

தணலை முன்பக்கம் இழுத்துவிட்டு, பின்னால் பெரிய கட்டைகளை வையுங்கள். கதவை மூடி, காற்று முழுதாகத் திறந்த நிலையில் பத்துப் பதினைந்து நிமிஷம் எரியட்டும். புதுக்கட்டையின் மேல் ஈரம் இந்த நேரத்தில் போய்விடும். முள் இன்னும் 500க்கு மேல்தானே இருக்கிறது என்று உடனே பைபாஸை மூடினால், குளிர்ந்த ஈரப்புகை கேட்டலிஸ்ட்டை அணைத்துவிடும்.

மார்ச் கடைசியில் வெளியே 10 செல்சியஸ் வந்துவிட்டால் புகைபோக்கியின் இழுப்பு பலவீனமாகும். அந்த நாட்களில் மெதுவான நீண்ட எரிப்பு வேண்டாம். காலையில் சின்னதாக, சூடாக ஒரு தீ. அது அணைந்ததும் விட்டுவிடுங்கள்.

உள்ளே போகக் கூடாதவை

பெயின்ட் அடித்த மரம், ரசாயனம் ஏற்றிய வெளிப்புற மரம், பிளைவுட், பிளாஸ்டிக், வண்ணம் அச்சடித்த காகிதம், குப்பை, கடலோரத்தில் பொறுக்கிய உப்பு ஊறிய மரம். நிலக்கரியும் கூடாது. ஈயம், துத்தநாகம், கந்தகம் போன்றவை பூச்சின் மேல் ஒட்டிக்கொண்டால் அந்த இடம் வேலை செய்யாது. விளைவு கண்ணுக்குத் தெரியாது. வீட்டில் விசேஷம் முடிந்து பரிசுப் பொட்டலத் தாள்களை எல்லாம் ஸ்டவ்வில் போடப் பிள்ளைகளுக்கு ஆசை வரும். அன்புடன் தடுத்துவிடுங்கள்.

சாம்பலும் சுத்தமும்

அடியில் ஓர் அங்குலச் சாம்பலை விட்டு மிச்சத்தை அள்ளுங்கள்; அந்த மெத்தை தணலைக் காக்கும். அள்ளிய சாம்பலை இறுக்கமான மூடியுள்ள உலோக வாளியில் போட்டு, வீட்டுக்கு வெளியே, மரத் தளமோ வராந்தாவோ இல்லாத இடத்தில் வையுங்கள். சாம்பலுக்குள் கங்கு நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். காகிதப் பையில் போட்டு வராந்தாவில் வைத்து வீட்டையே இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

மாதம் ஒருமுறை, ஸ்டவ் முழுதாகக் குளிர்ந்த பிறகு, கேட்டலிஸ்ட்டைப் பாருங்கள். கட்டங்களில் வெண்சாம்பல் படிந்திருந்தால் மென்மையான பிரஷ்ஷும் வேக்குவமும் போதும். பீங்கான் நொறுங்கும் பொருள், குத்தவோ சுரண்டவோ கூடாது. மெல்லிய விரிசல் இருந்தால் பயமில்லை. துண்டாக உதிர்ந்தால் மாற்ற வேண்டும்.

சுத்தம் செய்தும் முள் முன்பு போல் ஏறவில்லை, வெளியே புகை தெரிகிறது, விறகோ நன்றாகக் காய்ந்தது என்றால், கழுவிப் பார்க்கலாம். காய்ச்சி வடித்த தண்ணீரும் வெள்ளை வினிகரும் சம அளவு கலந்து, சமையலுக்குப் பயன்படுத்தாத பாத்திரத்தில் லேசாகக் கொதிக்கவைத்து, அதில் கேட்டலிஸ்ட்டை அரை மணி நேரம் வையுங்கள். பிறகு வெறும் காய்ச்சி வடித்த தண்ணீரில் இரண்டு முறை அதே மாதிரி. பல நாள் நன்றாக உலரவிட்டு, சுற்றியிருக்கும் கேஸ்கெட்டைப் புதிதாக வைத்து மாட்டுங்கள். ஒரு சொட்டு ஈரம்கூட இருக்கக் கூடாது. இது ஒன்றிரண்டு பருவத்துக்கு உயிர் கொடுக்கலாம். நன்றாக நடத்தினால் ஒரு கேட்டலிஸ்ட் 10,000 முதல் 12,000 மணி நேரம் வரை உழைக்கும். குளிர்காலம் முழுக்க எரிக்கும் வீட்டில் அது ஐந்தாறு வருஷக் கணக்கு.

புகைபோக்கிக்குள் ரயில் போவது மாதிரி உறுமல் கேட்டால், உள்ளே கிரியோசோட் தீப்பிடித்திருக்கிறது. காற்றுக் கைப்பிடியை முழுதும் மூடிவிட்டு, எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு போய் அவசர உதவி எண் 911ஐ அழையுங்கள். தானாக அடங்கிவிட்டாலும் ஆளை வைத்துப் பார்க்காமல் மறுபடி பற்றவைக்கக் கூடாது.

பருவம் முடியும்போது

ஏப்ரல் கடைசியில் கடைசித் தீ அணைந்ததும் சாம்பல் முழுவதையும் எடுத்துவிடுங்கள். கோடையின் ஈரக்காற்றை உறிஞ்சிய சாம்பல் காரமாகி இரும்பை அரிக்கும். கேட்டலிஸ்ட், கேஸ்கெட், புகைபோக்கி மூன்றையும் அப்போதே பார்த்துவிட்டால், அக்டோபரில் எல்லோரும் ஆள் தேடி அலையும் நேரத்தில் உங்களுக்கு வேலை இருக்காது.

விறகும் அதே மாதத்தில்தான். எங்கள் வீட்டில் மேப்பிளும் ஆஷும் ஒரு வரிசை, ஓக் தனி வரிசை. அடுக்கி முடித்ததும் முன்கட்டையின் வெட்டு முகத்தில் சாக்பீஸால் வருஷத்தை எழுதிவிடுவேன். ஓக் வரிசையில் இரண்டு கோடை தாண்டாமல் யாரும் கை வைப்பதில்லை.